பதினோரு நிமிடம்

ஆனி மாதம் அமராவதி அணையில்
காற்றுக்குப் பஞ்சமில்லை.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
பொள்ளாச்சித் தென்னைகளின் தலையைக் கலைத்து
உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டுகிறது.
எண்பது மீட்டர் உயரத்தில்
போல்ட்டு முறுக்கும் வேலை எனக்கு.
ஞாயிறு மட்டும் கீழே,
பாய்மரத்தடியில்.

என் படகுக்கு வயது நாற்பத்தாறு.
என்னைவிட எட்டு மூத்தது.
கொச்சி ஏலத்தில் எடுத்தேன்.
தேங்காய் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லாரி
கவிழ்த்துப் போட்டுச் சுமந்து வந்தது.
பலகை உடம்பு, அடிவயிற்றில் ஈயம்.
பாய் கிழிந்தபோது ஈரோட்டில்
தார்ப்பாய் தைக்கும் கடைக்குப் போனேன்.
"பந்தலுக்குங்களா?" என்றார்கள்.
ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.
விளக்கினால் கூலி ஏறும்.

சென்னியப்பனின் படகு போன தையில் வந்தது.
நூல்மில்லில் நல்ல வருஷம்.
கார்பன் உடம்பு. இரண்டு பேர் தூக்கினால்
கட்டில் மாதிரி நகர்கிறது.
பாயை விரலால் சுண்டினால்
அப்பளம் போலச் சத்தம்.
உட்கார இடமில்லை;
விளிம்பில் தொங்கத்தான் இடம்.
சோத்துப்போசியை எங்கே வைப்பீர்கள் என்றேன்.
சாப்பிட்டுட்டு வருவேனுங் என்றான்.

போட்டி மூன்று சுற்று.
வெள்ளையடித்த பிளாஸ்டிக் குடம்தான் எல்லைக் குறி.
முதலைகள் உள்ளன என்கிறது கரையோரப் பலகை.
நாங்கள் அதை நம்பி
கவிழாமல் ஓட்டுகிறவர்கள்.

காற்றை எதிர்த்து ஏறும்போது
அரை மணி வரை அருகருகே இருந்தோம்.
அலை அவனை அறைந்தது, என்னை ஆட்டியது.
குடத்தைச் சுற்றிக் காற்று முதுகுக்கு வந்ததும்
அவன் படகு தண்ணீரைவிட்டு எழுந்தது.
உண்மையாகவே எழுந்தது.
தோசைக்கல்லில் தெறித்த நீர்த்துளி போல
மேற்பரப்பில் ஓடியது.
என்னுடையது
வயிறு நிறைந்த எருமையாய்
ஆழத்தை விடாமல் நடந்தது.

பதினோரு நிமிடம் பிந்தி வந்தேன்.
அந்தப் பதினோரு நிமிடத்தில்
மூன்று நீர்நாய்களைப் பார்த்தேன்,
ஒன்று மல்லாந்து மீன் தின்றது.
இதைச் சொல்லித் தேற்றிக்கொள்ளலாம்.
தேற்றிக்கொள்ளவில்லை.
தோற்றது எரிந்தது,
உள்ளங்கையில் கயிறு உரசிய இடம்போல.

அடுத்த ஞாயிறு மாற்றி ஓட்டினோம்.
அவன் என் படகில் காலை நீட்டி
சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டு
புளிச்சோறு தின்றான்.
மில்லைப் பற்றிப் பேசவில்லை.
பாதியில் தூங்கியும் போனான்.
படகு தன்பாட்டுக்கு நேராகப் போனது.

நான் அவனுடையதில்.
சின்ன அசைவுக்கும் பதில் சொல்கிறது;
தும்மினால் திரும்பிவிடும்.
ஒரு கணம் எழுந்தது.
என் வயிறு கரையிலேயே தங்கிவிட,
அலறியது நான்தான்,
மகிழ்ச்சியில்.
இறங்கி வந்து என் படகின் முகத்தைப் பார்க்கக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

காற்றாலைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட்டு எழுதிப் பார்த்தேன்:
வேகம், அவனுக்கு.
தூக்கம், எனக்கு.
நனைதல், இருவருக்கும்.
விலை என்று எழுதி அடித்தேன்.
'நெடும்பயணம்' என்று ஒரு வரி.
அணைக்குள் நெடும்பயணம் எங்கே?
அதையும் அடித்தேன்.

மாசியில் கால்வாய்க்குத் திறந்துவிட்டார்கள்.
தாராபுரத்து வயல்களுக்கு நல்லது.
நீர் பின்வாங்க, இரண்டு படகும் சேற்றில்.
அவனுடையதைத் தூக்கி
வேப்பமரத்தில் சாய்த்தோம்.
என்னுடையது ஈயத்தோடு சாய்ந்து
முழங்கை ஊன்றிப் படுத்தது.
நிழலுக்கு இரண்டு வெள்ளாடு ஏறி நின்றன,
குட்டியும் சேர்த்தால் மூன்று.

நேற்று கோபுர உச்சியில் இருந்தேன்.
அணை தூரத்தில் தகரத்துண்டாய்ச் சுருங்கியிருந்தது.
சென்னியப்பன் போனில்:
"அங்கே காத்து எப்படீங்?"
ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு
போனை வெளியே நீட்டினேன்.
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.